கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்தவள்

1

எடின்பரோவிலிருந்து வீடு திரும்பும் பேருந்தில் என் தோள்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வெளியே ஸ்காட்லாந்து மழை. நம்மூர் மழை வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இந்த மழை அப்படியில்லை. விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி கிளம்புகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

இங்கே எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். எழுந்து அடுத்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இந்த ஊரில் யாரும் எதற்கும் சத்தம் போடுவதில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொள்வார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய நாகரிகமாகத் தெரிந்தது. இப்போது பழகிப்போய், அது நாகரிகமா பயமா என்று யோசிப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

என் மகள் இனியா இடம் மாறவில்லை. பன்னிரண்டு வயது. நான் விட்டுவந்த இருக்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று, கூரைத் தகடுகள் சேரும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. போனைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்தாள். அத்தைக்கு அனுப்பச் சொன்னாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். அந்த வாக்கியத்தில் 'அத்தை' மட்டும் தமிழ்.

அத்தை என்பது என் தங்கை கோகிலா. நாமக்கல்லில், திருச்சி ரோட்டில், எங்கள் அப்பா தொடங்கிய லாரி பட்டறை இருக்கிறது. எலும்புக்கூடு மாதிரி வெறும் சேசிஸாக வரும் வண்டிக்குக் கேபினும் பாடியும் கட்டிக் கொடுக்கும் பட்டறை. அதன் பத்திர விஷயமாகத்தான் எடின்பரோவில் நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். போன வருஷமும் பட்டறை விஷயமாக இதே அலுவலகத்துக்குப் போயிருந்தேன். போன வருஷம் போனது அதை விற்பதற்காக.

படம் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. அங்கே பட்டறை மூடும் நேரம், ஆட்களை அனுப்பிவிட்டுத்தான் அவள் போனைக் கையில் எடுப்பாள்.

2

பட்டறை இடம் அப்பா பெயரிலும் என் பெயரிலும் இருந்தது. மகன் பெயரைச் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பார்கள். பட்டறையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபிறகு, குடோன் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் நல்ல விலை சொன்னார். நான் இங்கிருந்தே 'பவர்' என்கிற அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பிவிடுவது, அப்பா விற்றுவிடுவது என்று பேச்சு.

தூதரக அலுவலகத்தில் என் பெயரே தகராறு ஆனது. பழைய பத்திரத்தில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் குடும்பப் பெயராக நீண்டு கிடக்கிறது. இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். வேறு ஆளாக இருந்திருந்தால் இந்தக் குளிரில் ஏன் வந்து நிற்கப்போகிறேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்து இன்னொரு நாள் போய் நின்றேன். அன்றைக்குப் புகைப்படத்தில் காது தெரியவில்லை என்றார்கள்.

அலுத்துப்போய் அப்பாவுக்கு போன் போட்டேன்.

"நீயே வந்து ஒரு எட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு சாமி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் கோகிலா வேற பட்டறைய நான் பாத்துக்கறேன்னு நின்னுட்டிருக்கறா. நல்லுசாமி வண்டி அவ கையிலதான் கட்டிட்டிருக்குது. அது ஒரு கொறையும் இல்லாம வெளிய போச்சுன்னா பட்டறை அவளுக்கு. இல்லீன்னா மறுநாளே நீ கையெழுத்துப் போட்டுரு. அவகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

"அவ என்ன சொன்னா?"

"சரிங்கப்பான்னு ஒரே வார்த்தையில போயிட்டா. அதுதான் எனக்கு பயமா இருக்குது."

கோடை விடுமுறையில் இனியாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்பு கிடைக்கவில்லை. காது தெரியாத அந்தப் புகைப்படத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். அது மட்டும் சரியாக இருந்திருந்தால் நான் பார்த்ததைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

3

கோகிலா பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள். நாமக்கல்லைச் சுற்றி விடுதியோடு நிற்கும் பெரிய பள்ளிக்கூடங்களில் ஒன்றில் வேலை. அப்பா விழுந்த சமயத்தில் பாதி கட்டிய வண்டி ஒன்று பட்டறையில் நின்றுபோனது. அதை முடித்துக் கொடுக்கும்வரை என்று லீவு போட்டாள். வண்டி முடிந்தது. லீவும் முடிந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. தீவனக் கடை வைத்திருக்கும் அவள் கணவர், "உனக்குப் புடிச்சா செய், காலைல நான் கொண்டாந்து உட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டாராம்.

ஏன் இப்படி என்று நான் போனில் கேட்டேன்.

"வருசா வருசம் போர்டுல எழுதறதும் அழிக்கறதுமா இருந்தேனுங்ணா. இங்க நாம கட்டறது ரோட்டுல ஓடுது. அத அழிச்சுட்டு மறுக்கா எழுத முடியாது. அந்த பயம் எனக்குப் புடிச்சிருக்குதுங்ணா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பயம் பிடித்திருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

பட்டறையில் ஒரு பக்கம் கிரைண்டர், ஒரு பக்கம் சுத்தியல், நடுவில் கம்ப்ரஸர். அப்பா தொண்டை கிழியக் கத்தியே வேலை வாங்கியவர். கோகிலாவுக்கு அமைதியான வகுப்பில் பேசிப் பழகிய குரல். அவள் சொல்வது யார் காதிலும் விழவில்லை, விழுந்தாலும் விழாத மாதிரி இருந்தார்கள். வெல்டர் ராமலிங்கம் அண்ணன் அப்பாவோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர். ஒருநாள் அவர் சுண்டு விரலைத் தூக்கிக்காட்டி, "மிஸ், ஒண்ணுக்குப் போயிட்டு வரட்டுங்களா மிஸ்?" என்றிருக்கிறார். பட்டறையே சிரித்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனதாக என்னிடம் சொன்னாள். வந்துவிடு, பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். இடம் மாறி உட்காரச் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

மறுநாள் காலையில் அவர் மறுபடியும் விரலைத் தூக்கினார். கோகிலா நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். அத்தனை மெஷினும் நின்றது. அந்த அமைதியில் வகுப்பில் பேசுகிற அதே குரலில், "போயிட்டு வாங்கண்ணா. வந்து அந்தப் பின்பக்க ஜாயிண்டப் பிரிச்சுருங்க, அது கோணலா நிக்குது" என்று சொல்லிவிட்டு சுவிட்சை ஏற்றினாள்.

அதற்குப் பிறகு அவள் சுவிட்ச் போர்டு பக்கம் நடந்தாலே கிரைண்டர்கள் தானாக நிற்க ஆரம்பித்தன. 'மிஸ்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. மத்தியான நேரங்களில் ராமலிங்கம் அண்ணனிடமே வெல்டிங் கற்றுக்கொண்டாள். அந்த வெளிச்சம் பட்டுக் கண் வீங்கி, கறுப்புக் கண்ணாடியோடு அவள் அனுப்பிய படம் என்னிடம் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

4

சேலம் ஜங்ஷனில் இறங்கி, சூரமங்கலத்தில் டீ குடித்துவிட்டு, கார் பிடித்து நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். விற்பனைக்கு நான் கையெழுத்துப் போடவேண்டிய பத்திரம் என் கைப்பையில் இருந்தது. மறுநாள் காலையில் நல்லுசாமி அண்ணன் வண்டி வெளியே போகவேண்டும்.

வண்டி வெளியே போகும் நாள் எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் மாதிரி. பரமத்தியிலிருந்து நல்லுசாமி அண்ணன் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். மாலை, பூசணிக்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். இரண்டு தாம்பாளம். ஒன்றில் கோகிலாவுக்குப் புடவை, மஞ்சள், குங்குமம். இன்னொன்றில் அப்பாவுக்கு வேட்டி, துண்டு. வண்டிக்காரர் துண்டைத் தன் கையால், வண்டியைக் கட்டிய மேஸ்திரியின் தோளில் போடுவார், அதன்பிறகு மேஸ்திரி சாவியைக் கொடுப்பார். துண்டு விழாமல் சாவி நகராது. நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது.

அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி மடியில். அவர் கண் வண்டியைவிட கோகிலாவைத்தான் அதிகம் பார்த்தது.

அவளோ சுடிதார்மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, ஹோஸ் குழாயை இழுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சோதனை. கட்டிய மேஸ்திரி கேபினுக்குள் உட்கார்ந்து கதவை அடைத்துக்கொள்ள, வெளியிலிருந்து எல்லாப் பக்கமும் தண்ணீர் அடிப்பார்கள். உள்ளே சொட்டு விழக்கூடாது. பெயிண்ட் காயாததால் முந்தின நாள் செய்ய முடியவில்லை. அப்பாவே கடைசி வருஷங்களில் இதை ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் தெளிப்பதோடு முடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னேரம் என்ன தண்ணி வெளையாட்டு? நல்ல நேரம் போவுது" என்றார் அப்பா.

"ஒரு பத்து நிமிசமுங்கப்பா."

ஏறி உள்ளே உட்கார்ந்தாள். நாலு பக்கமும் தண்ணீர் அடித்தது. கேபின் பளபளவென்று நின்றது. நல்லுசாமி அண்ணன் பேரப்பிள்ளைகள் கை தட்டினார்கள். தண்ணீர் நின்றபிறகும் அவள் இறங்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

"ஒழுவுதுங்க. டிரைவர் படுக்கற பலகைக்கு மேல. வண்டி இப்பப் போகாதுங்க" என்றாள்.

அப்பா வைத்த பந்தயம் அவளுக்குத் தெரியும். வெளியே இருந்த எங்கள் யாருக்கும் அந்தச் சொட்டு தெரியாது. அவள் வாயைத் திறந்திருக்காவிட்டால் பட்டறை அந்த நிமிஷமே அவளுடையது.

நல்லுசாமி அண்ணன் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "ஏனுங்க அம்மிணி, ஒரு சொட்டுத்தானுங்களே. போற வழியில பேஸ்ட் அப்பிக்கலாம். நல்ல நேரம் போயிருச்சுன்னா நாளைக்கு நாள் நல்லாயில்லீங்க."

"சாமி கும்பிட்டு மாலையப் போட்டுருங்க. நல்ல நேரம் எங்கயும் போகாது. சாவி மட்டும் சாயங்காலம் தாறேன். மொத நடையே அசாம் போற வண்டிங்க இது. அங்க மழையில உங்க டிரைவர் இதுக்குள்ளதானுங்க படுக்கோணும்."

"அது சரி, யாரு போட்ட ஜாயிண்ட்டு அது?"

ராமலிங்கம் அண்ணன் முகம் சுண்டிப்போனது. பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், அது அவர் கை. என்னாலேயே ஊகிக்க முடிந்தது.

"என்றதுங்க" என்றாள் கோகிலா. "பாத்துட்டுச் சரின்னு சொன்னவ நானு. அப்ப என்ற ஜாயிண்ட்டுதானுங்க."

நான் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தேன். "கோகி, குடுத்துரு. அப்பா பாத்துட்டிருக்காரு."

"பாக்கட்டுமுங்ணா" என்றாள். "அவரு வெளிய உக்காந்து பாக்கறாரு. நான் உள்ள உக்காந்து பாத்தேன்."

சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை நோக்கி நடந்தாள். சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே பட்டறை நிசப்தமானது. என்ன பிரிக்க வேண்டும், யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. இந்தப் பெண்ணுக்கா நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன் என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

5

சாயங்காலம்வரை யாரும் போகவில்லை. கோபத்தோடு வேனில் ஏறிய நல்லுசாமி அண்ணனே, அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். உள்ளே மேல்பலகையைக் கழற்றி, ஜாயிண்டைப் பிரித்து, மறுபடி வைத்து, பெரிய விளக்குகளைப் போட்டுக் காயவைத்தார்கள். மறுபடி வெல்டிங் வைத்ததும் ராமலிங்கம் அண்ணன்தான். வெல்டிங்கின்போது கோகிலா அவருக்குப் பக்கத்தில் தகடைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் முறை தண்ணீர் அடிக்கத் தயாரானபோது இனியா என் சட்டையை இழுத்தாள். அவளும் உள்ளே உட்கார வேண்டுமாம். பள்ளியில் கை தூக்காத பிள்ளை என்று ஆசிரியர்கள் ஒவ்வொரு முறையும் எங்களிடம் வருத்தப்படும் பெண். விடை தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள். தாத்தாவிடம் பேசச் சொன்னால் போனை என்னிடம் நீட்டிவிடுவாள். அந்தப் பெண் தானாக வந்து கேட்டது எனக்கு ஆச்சரியம்.

"வா சாமி" என்று கோகிலா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கதவு மூடியது.

தண்ணீர் அடித்தது. முன்னால், பின்னால், கூரைமேல். வெளியே நாங்கள் எல்லோரும் கேபின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் காலையில் நான் என் கையெழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாயங்காலம் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒரு சொட்டும் விழக்கூடாது என்பது மட்டும்தான்.

கதவு திறந்தது. இனியா முதலில் குதித்தாள். தலைமுடி காய்ந்திருந்தது. கோகிலா நல்லுசாமி அண்ணனுக்கு வழிவிட்டு நின்றாள். அவர் ஏறி, படுக்கைக்கு மேலே உள்ளங்கையை வைத்து நெடுகத் தடவினார். இறங்கி, கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டினார்.

அப்புறம் தாம்பாளங்கள். நல்லுசாமி அண்ணன் மனைவி புடவைத் தட்டை கோகிலாவிடம் கொடுத்தார். நல்லுசாமி அண்ணன் துண்டை எடுத்து உதறி, அப்பாவின் நாற்காலியை நோக்கி நடந்தார்.

அப்பா கைத்தடியை ஊன்றி எழுந்தார். தோளைக் கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"என்னை உட்ருங்க. மேஸ்திரி அங்க நிக்கறாங்க. அவங்களுக்குப் போடுங்க."

எங்கள் அப்பா யாரையும் அவ்வளவு சுலபத்தில் 'ங்க' போட்டுப் பேசுகிறவர் இல்லை. நல்லுசாமி அண்ணன் துண்டை வைத்துக்கொண்டு திண்டாடினார். ஒரு பெண்ணின் தோளில் ஆண் துண்டு போடுவதற்கு எங்கள் பக்கம் முறையே கிடையாது. கோகிலா இரண்டு கையையும் நீட்டினாள். அவர் துண்டை அந்தக் கைகளில் வைத்தார். அவளே எடுத்து, காக்கிச் சட்டைமேல், தோளில் போட்டுக்கொண்டாள்.

சாவி ராமலிங்கம் அண்ணனிடம் இருந்தது. அவர் கொண்டுவந்து நீட்டினார்.

"மேஸ்திரி, சாவிங்க" என்றார்.

அவ்வளவு நேரம் நடுங்காமல் நின்றவள் அப்போதுதான் அழுதாள். நானும்தான்.

6

கைப்பையில் இருந்த பத்திரத்தை அப்படியே ஸ்காட்லாந்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். பட்டறை வருமானம் பற்றியோ வரும் ஆர்டர்கள் பற்றியோ இங்கே எழுதப்போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது, அது போதும். இன்றைக்கு எடின்பரோ போனது வேறு காரியத்துக்கு. என் பங்கை கோகிலா பெயருக்கு எழுதிக் கொடுக்க அதிகாரப் பத்திரம். அப்பா தன் பங்கை ஏற்கெனவே எழுதிவிட்டார். இந்த முறை புகைப்படத்தில் இரண்டு காதும் தெளிவாகத் தெரியும்படி முடி வெட்டிக்கொண்டு போயிருந்தேன். முத்திரை விழுந்துவிட்டது. அலுவலர் ஆச்சரியத்தோடு கேட்டார், தங்கைக்கா, சும்மாவா என்று. மேஸ்திரிக்கு என்றேன்.

கேபினுக்குள் அத்தை உன்னிடம் என்ன சொன்னாள் என்று ஊரிலிருந்து வந்தபிறகு இனியாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். ஒன்றும் சொல்லவில்லையாம். அத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதனால் இவளும் பார்த்தாளாம்.

எங்கள் நிறுத்தம் வந்தது. மழை விடவில்லை. நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கி, திரும்பிப் பார்த்தால் இனியா பின்னால் இல்லை. பேருந்துக்குள் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, கையைக் கூரைப் பக்கம் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டுகிறார். அவள் விடவில்லை. எந்த வரிசை, எந்த ஜாயிண்ட் என்று மறுபடியும் காட்டுகிறாள். அவர் இருக்கையைவிட்டு எழுந்து அவளோடு பின்னால் நடந்தார். பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் இவளைப் பார்க்கிறார்கள். இவள் கூரையைப் பார்க்கிறாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்கி வந்தபோது போன் அதிர்ந்தது. கோகிலாவின் குரல் பதிவு. பின்னணியில் பட்டறை ஷட்டரை இழுத்து மூடும் சத்தம்.

"படம் பாத்தேனுங்ணா. இதக் கட்டுனவங்க உள்ள உக்காந்து பாத்திருக்க மாட்டாங்க, அதான். நீங்க வழக்கம்போல எடம் மாறி உக்காந்திருப்பீங்க, எனக்குத் தெரியும். டிரைவர்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா இல்லியா?"

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் இனியா போனைப் பிடுங்கிக்கொண்டாள். வாயருகே வைத்து, மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, தமிழில் சொன்னாள்.

"நான் சொல்லிட்டேன் அத்தை."